வெள்ளைத் துணி போர்த்திய கம்பியூட்டர்

இப்போதெல்லாம், உங்களிடம் விட்டுவிட்ட என் திருத்துகிற கடைக்கு வந்தால் நான் வாடிக்கையாளர் கதிரையில்தான் உட்காருகிறேன். ஓய்வு பெற்றவளுக்கு அதுதான் மரியாதையான இடம். அங்கிருந்து பார்க்கும்போதுதான் நீங்கள் வேலை செய்கிற அழகு முழுதாகத் தெரிகிறது. ஒருவர் கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டுவந்து மேசையில் வைத்து, வாயைத் திறக்குமுன்பே உங்களில் இரண்டு பேர் ஸ்குறூ டிரைவரை எடுத்துவிடுகிறீர்கள். மற்றவர் கைபேசியில் வீடியோ தேடுகிறார். கொண்டுவந்த மனிதர் தன் கதையைக் கேட்க ஆளில்லாமல் பக்கத்தில் இருக்கிற என்னிடம் சொல்கிறார். நேற்று வந்தவர் தன் முதுகுவலி வரைக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

உங்களைக் கேலி செய்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

கம்பியூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை பழுதென்று எப்படி உறுதியாகச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். மல்ரிமீற்றரை எப்படிப் பிடிப்பது என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் வருகிற பேப்பர் கிளிப் வித்தையும் தெரியும். கிளிப்பை வளைத்து அதன் வயர் முனையில் குத்துகிறீர்கள், உள்ளே காத்தாடி சுற்றுகிறது, உடனே "நல்லா இருக்குது அக்கா" என்கிறீர்கள். கதிரையில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்தாலும் நல்லாய்த்தான் இருக்கிறேன். ஒரு மூட்டை அரிசியைத் தோளில் வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும். ஆகவே அந்தப் பாடத்தை விட்டுவிட்டு, இலுப்பைக்கடவையில் ஒரு செத்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அன்ரனையும் சகாயத்தையும் உங்களுக்குத் தெரியாது. வெள்ளாங்குளத்துக்காரர். அன்ரன், சகாயத்தின் தங்கை றீற்றாவைக் கட்டியவன். மச்சான்மார் இருவரும் சேர்ந்து ஒரு தொழில் தொடங்கியிருந்தார்கள். கலியாணம், சாமத்தியச் சடங்கு, செத்த வீடு, எது நடந்தாலும் கமராவும் கம்பியூட்டருமாகப் போய் வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரருக்கு நேரலையில் காட்டுவது. நல்ல தொழில்தான். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக் காரியத்திலும் பாதிச் சனம் பந்தலுக்குள் இருக்கும், மீதிச் சனம் கனடாவில் இருக்கும்.

அதற்கான கம்பியூட்டரை அவர்களே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியிருந்தார்கள். படத்தை வேகமாக ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்ட் அன்ரன் வாங்கியது. பவர் சப்ளை சகாயம் வாங்கியது. அதன் லேபிளில் ஒரு பெரிய எண் அச்சடித்திருந்தது. நான் கையில் தூக்கிப் பார்த்தபோது பிஸ்கட் தகரம் மாதிரி பாரமில்லாமல் இருந்தது. கேசிங்கின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே காத்தாடிக்குக் காத்தாடி கலர் லைட். போட்டால் மடுத் திருவிழாக் கடைத்தெரு மாதிரி மின்னும். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தாங்களே பூட்டிய கம்பியூட்டரைப் பற்றி ஒருவர் பேசும்போது சிரிக்கக் கூடாது. அது அவர்களுக்குப் பிள்ளை மாதிரி. பிள்ளையின் மூக்கைப் பற்றித் தாயிடம் பேசுவோமா?

வருத்தம் என்னவென்றால், அது இடைக்கிடை விழுந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இருண்டு, தானாகவே மறுபடி தொடங்கும். கடைக்குக் கொண்டுவந்தார்கள். நான் போட்டுப் பார்த்தேன். நாள் முழுக்க மகாராணி மாதிரி ஓடியது. திருப்பிக் கொண்டுபோனார்கள், வீட்டில் விழுந்தது. மறுபடி கொண்டுவந்தார்கள், மறுபடி மகாராணி.

"விழேக்கை என்ன செய்துகொண்டிருந்தது?" என்று இருவரையும் கேட்டேன்.

"சும்மா நிண்டது அக்கா," என்றான் அன்ரன்.

"மச்சான்ர கார்ட்தான் அக்கா பிழை," என்றார் சகாயம். "நான் அதை வாங்கேக்கையே சொன்னனான்."

"கார்டோ? அந்தப் பவர் சப்ளையைத் தூக்கிப் பாருங்கோ அக்கா, அதுக்குள்ள வெறுங்காத்துத்தான்."

இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், நான் நீதவான் மாதிரி. எனக்குப் பவர் சப்ளை மேல்தான் சந்தேகம். ஆனால் சந்தேகத்தைத் தீர்ப்பாகச் சொல்வதில்லை என்பது என் வழக்கம். அதிலும் அந்தத் தீர்ப்பு ஒரு குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைக் கெடுக்கும் என்றால் இன்னும் கவனம் வேண்டும். "கமரா, வயர், மற்றச் சாமான் எல்லாத்தோடயும் கொண்டுவாங்கோ. வேலை செய்யிற மாதிரியே இஞ்ச வைச்சுப் பாப்பம்," என்றேன். வாறம் என்றார்கள். வரவில்லை. காரியங்கள் வரிசையாக வந்திருந்தன. நம்முடைய ஆட்களுக்குக் கம்பியூட்டர் ஓடும்போது அதில் பழுதே இல்லை என்ற நம்பிக்கை.

அந்த நிலையில்தான் திரேசம்மா அக்கா இறந்தார்.

மன்னாரில் என் கடைக்குப் பக்கத்துக் கடையில் பல வருஷம் தையல் மெசினோடு இருந்தவர். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். என் பக்கம் யாராவது சத்தம் போட்டுப் பேசினால், அந்தப் பக்கம் மெசின் நின்றுவிடும். பிறகு அவரே எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, சத்தம் போட்ட ஆள் போயிட்டுதோ?" என்பார். வயது போனபின் இலுப்பைக்கடவையில் தன் வீட்டோடு இருந்தார். ஒரே மகன் ஜெயசீலன். பிரான்சில் இருக்கிறான். விசாக் காகிதம் சரிவராததால் அங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. தாயின் சாவுக்கும் வர முடியாத நிலை. போன இடத்திலிருந்து அவன் ஒருமுறைகூட வந்ததில்லை.

நான் அங்கே கம்பியூட்டர் திருத்தப் போகவில்லை. அழப் போனேன். வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு, பஸ்ஸில் போய் இறங்கி, திரேசம்மா அக்காவின் கால்மாட்டில் பெண்களோடு உட்கார்ந்தேன். விறாந்தையில் ஒரு மேசை. அதன்மேல் வெள்ளைத் துணியால் மூடிய ஏதோ ஒன்று. துணிக்குள்ளால் பச்சையும் சிவப்பும் நீலமுமாக மாறி மாறித் தெரிந்தது. பக்கத்தில் அன்ரனும் சகாயமும் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு மிகவும் மரியாதையாக நின்றார்கள். செத்த வீட்டில் கலர் லைட் மின்னக் கூடாதென்று யாரோ பெரியவர் சொல்ல, றீற்றா மேசை விரிப்பை எடுத்துப் போர்த்திவிட்டாளாம்.

முற்றத்துப் பந்தலில் பெரிய ரி.வி. ஒன்று வைத்திருந்தார்கள். ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி, சவப்பெட்டியை மூடிக் கோயிலுக்குக் கொண்டுபோவதற்கு முன், மகன் அந்தத் திரையில் தோன்றி நாலு வார்த்தை பேசுவதாக ஏற்பாடு. ஊரார் அவனுக்காகத்தான் காத்திருந்தார்கள். இளந்தாரியாகப் போனவனின் முகம் இப்போது எப்படி இருக்குமென்று எல்லோருக்கும் பார்க்க ஆசை.

முகம் வந்தது. தலை நரைத்திருந்தது. பந்தலில் ஒரு சலசலப்பு. அவன் மைக்கைச் சரிசெய்து, "அம்மா" என்றான். அவ்வளவுதான். திரை கறுத்தது. துணிக்குள் கலர் லைட்டெல்லாம் அணைந்து, ஒரு கணம் கழித்து மறுபடி மின்னத் தொடங்கியது.

அன்ரன் மறுபடி தொடுத்தான். மறுபடி முகம். இந்த முறை "அம்மா" வரைகூடப் போகவில்லை.

பந்தலிலிருந்த ஒவ்வொருவரும் அந்தக் கணத்தில் மின்பொறியியலாளர் ஆனார்கள். லவுட்ஸ்பீக்கர்காரர் கரண்டை எல்லாம் இழுத்துவிட்டார் என்றார் ஒருவர். குசினியில் குளிர்சாதனப்பெட்டியை நிறுத்தச் சொன்னார் இன்னொருவர். பிரான்சில் மழை பெய்யும் என்றுகூட ஒரு குரல் கேட்டது. சகாயம் குனிந்து குனிந்து பெண்களுக்குள்ளால் வந்து என் காதருகில், "அக்கா, ஒருக்கா வாங்கோ," என்றார். முகத்தில் இரத்தமே இல்லை.

எழும்பிப் போனேன். போகும்போதே ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இங்கே பழுதாய்க் கிடப்பது கம்பியூட்டர், தவித்துக்கொண்டிருப்பது ஆள். கம்பியூட்டர் கொஞ்சம் பொறுக்கும். அவனால் பொறுக்க முடியாது. தாயின் முகம் வந்து வந்து மறைந்தால் அங்கே தனியாக ஒரு அறையில் இருக்கிறவனுக்கு எப்படி இருக்கும்? றீற்றாவைக் கூப்பிட்டேன். "உம்மட போனிலை ஜெயசீலனுக்கு எடும். படத்தோட எடும். நாங்கள் திருத்துறம், நீர் அவனோட நில்லும். போனை வையாதேயும்."

அவள் எடுத்தாள். அவசரத்தில் குசினி வழியாகச் சுற்றி ஓடினாள். போனிலிருந்து அவன் குரல் கேட்டது. "தங்கச்சி, நில்லுங்கோ, நில்லுங்கோ. அது எங்கட கிணறோ?"

"ஓம் அண்ணை, கிணறுதான்."

"கிட்டக் கொண்டுபோங்கோ."

றீற்றா கெட்டிக்காரி. கிணற்றைக் காட்டினாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்களைக் காட்டினாள். ஒவ்வொருத்தியும் திருவலகையில் இருந்தபடியே அவனோடு கதைத்தாள். அவன் அழுதான், நடுவில் ஒருத்தி சொன்னதற்குச் சிரித்தான். எனக்கு அந்த நேரம் கிடைத்தது. நெருக்கடியில் முதலில் தேட வேண்டியது பழுதை அல்ல, நேரத்தை. அதைக் கடையில் யாரும் விற்பதில்லை.

இனிக் கம்பியூட்டர். சுவர்ப் பிளக்கிலிருந்து பல பிளக் குத்துகிற ஒரு நீட்டு வயர்ப் பலகை வந்தது. அதே பலகையில்தான் ரி.வி.யும் ரவுட்டரும். "விழேக்கை ரி.வி. நிண்டதோ?" என்று கேட்டேன். இல்லை, படம்தான் போனது, ரி.வி. எரிந்துகொண்டுதான் இருந்தது. ரவுட்டரும் அசையவில்லை. ஆகவே வீட்டுக் கரண்ட் சுத்தம். லவுட்ஸ்பீக்கர்காரரைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் சாட்சி கிடைத்த சந்தோஷத்தில் நிமிர்ந்து நின்றார்.

வெள்ளைத் துணியை உருவினேன். அடுப்பு மூடியைத் திறந்த மாதிரி வெக்கை முகத்தில் அடித்தது. பின்பக்கம், பவர் சப்ளையின் காத்தாடி வாயில் கை வைத்தேன். காற்று வருகிறதா என்று யோசிக்க வேண்டியிருந்தது. வந்த கொஞ்சக் காற்றும் கொதித்தது. காத்தாடியின் கம்பி வலையில் உப்பீரமும் மணலும் சேர்ந்து அப்பிக் கிடந்தது. கடற்கரையோரம் கமராத் தொழில் செய்தால் அதுவும் கூடவே வரும்.

"ஏன் துணியைப் போட்டனீங்கள்?"

"மரியாதைக்கு அக்கா," என்றான் அன்ரன்.

"மரியாதை ஆளைக் கொல்லும். இனி உண்மையைச் சொல்லும். வீட்டிலை விழேக்கை இது என்ன செய்தது?"

அவன் முற்றத்தைப் பார்த்தான். றீற்றா கிணற்றடியில் நின்றாள். மேசைக்குக் கீழே வயர் பார்க்கிற பாவனையில் குனிந்தான். நானும் சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தேன். ஃபாதரிடம் பாவத்தைச் சொல்வதுபோல, மேசைக்கடியில் அவன் பாவசங்கீர்த்தனம் செய்தான்.

"கேம் அக்கா. வெடி வைச்சுச் சுடுற கேம். பெரிய சண்டை வாற இடத்திலைதான் விழும்."

"சும்மா நிண்டது எண்டு சொன்னனீர்?"

"மச்சான் பக்கத்திலை நிண்டவர் அக்கா. றீற்றாவுக்குச் சொல்லிப்போடுவார்."

பாருங்கள், என் மேசையில் இரண்டு முறை வைத்துப் பார்த்தும் கிடைக்காத பதில், மேசைக்கடியில் ஒரு நிமிஷத்தில் கிடைத்தது. கிராபிக்ஸ் கார்ட் கூடுதலாக வேலை செய்யும்போது மட்டும் விழுகிறது. கடையில் நான் அதற்குச் சுமையே கொடுக்கவில்லை. இன்று கேம் இல்லை, ஆனால் இரண்டு கமரா, பிரான்ஸ், பெரிய ரி.வி., போதாததற்குப் போர்வை. ஒன்றில் கார்ட் பிழை, அல்லது கார்ட் கேட்பதைக் கொடுக்கப் பவர் சப்ளைக்குத் திராணி இல்லை. வாடிக்கையாளர் பொய் சொன்னால் கோபப்படாதீர்கள். யாரை நினைத்துப் பொய் சொல்கிறார் என்று பாருங்கள். அந்த ஆள் இல்லாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் திரும்பக் கேளுங்கள்.

இதற்குள் சகாயத்தைக் காணவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் மட்டும் கேட்டது. ஃபாதர் வந்துவிட்டார். திரேசம்மா அக்காவின் தம்பி, உயரமான மனிதர், விறாந்தைப் படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் சகாயம் புழுதியோடு வந்து இறங்கினார். சந்தியிலிருக்கிற தெரிந்த கடையில் ஒரு கம்பியூட்டரிலிருந்து பவர் சப்ளையைக் கழற்றிக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"நல்ல சாமான் அக்கா. மாத்திப் பூட்டுவம்."

கையில் வாங்கினேன். பாரமாக இருந்தது. நல்ல சாமான்தான். "இதின்ர வயர் எங்கை?"

"அது அங்கை உள்ளுக்குக் கட்டிக் கிடக்குது. கழட்ட நேரமில்லை. இதிலை எங்கட வயர் இருக்குத்தானே. ரெண்டும் ஒரே மூஞ்சிதான்."

அவர் ஒன்றைக் குத்தியும் காட்டினார். அழகாகப் பொருந்தியது. அதுதான் பயங்கரம். வயர்களைத் தனியாகக் கழற்றிப் பூட்டுகிற பவர் சப்ளைகளில், மதர்போர்ட் பக்கத்து முனை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி. ஆனால் பவர் சப்ளைப் பக்கத்து முனையில் எந்தக் கம்பி எங்கே என்பது செய்கிற கம்பனிக்குக் கம்பனி வேறு. துளை பொருந்தும், கரண்ட் மாறிப் போகும். போட்ட கணத்தில் ஹார்ட் டிஸ்க்கும் மதர்போர்ட்டும் சேர்ந்து புகையும்.

"வேண்டாம்," என்றேன்.

"அக்கா, ஃபாதர் வந்திட்டார்."

"தெரியும். வேண்டாம்."

அன்ரனுக்குப் பதற்றம் ஏறிவிட்டது. சின்ன வயதில் இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்தவன். கோபம் வந்தால் மட்டும் அந்தத் தமிழ் வரும். "யோவ் மாமா, சும்மா மாட்டிப் பாக்கலாம்யா, என்ன ஆயிடப் போகுது!" என்று சகாயத்தைப் பார்த்துக் கத்தினான். அவர்கள் ஒன்றுபட்ட ஒரே சந்தர்ப்பம் அது. திரேசம்மா அக்காவின் தம்பி படியிறங்கி வந்தார்.

"பிள்ளை, சாமானும் வந்திட்டுது. பிறகு ஏன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்? அந்தப் பெடியன் ஒரு வார்த்தை பேசிறதுக்கு உம்மட அனுமதி வேணுமோ?"

பந்தலில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஒருவேளை பொருந்தியிருந்தால்? ஒருவேளை இரண்டும் ஒரே கம்பனி ஒழுங்கில் இருந்தால்? நான் மறித்ததால் மகன் பேசாமலே சவப்பெட்டி மூடப்பட்டால், இந்த ஊரில் என் பெயர் என்ன? எல்லாம் மனதில் ஓடியது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. இப்போது அந்தக் கம்பியூட்டர் பாதி உயிரோடு இருக்கிறது. அந்த வயரைக் குத்தினால் பாதியும் போய்விடலாம். இருக்கிற பாதியை வைத்து ஏதாவது செய்யலாம். ஒன்றுமில்லாததை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

"ஐயா," என்றேன், "அவன் பேசுவான். எனக்கு ஒரு ஜெபமாலை சொல்லுற நேரம் தாங்கோ. ஃபாதரைத் தொடங்கச் சொல்லுங்கோ."

அவர் ஃபாதரிடம் போனார். ஜெபம் தொடங்கியது. பெண்களின் குரல் எழும்ப, நான் கேசிங்கின் கண்ணாடியைக் கழற்றினேன்.

பவர் சப்ளையால் தூக்க முடியவில்லையா? சரி, சுமையைக் குறைப்போம். பிழை யாருடையது என்பது நாளைக்கு உள்ள வேலை. இன்றைக்குள்ள வேலை, அவன் பேசுவது. முதலில் கலர் லைட்டின் வயரைப் பிடுங்கினேன். மடுத் திருவிழா முடிந்தது. அன்ரன் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டாவது கமராவை எடுத்தேன். இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கினேன். பிறகு கிராபிக்ஸ் கார்ட்டில் கை வைத்தேன்.

"அக்கா, அது இல்லாட்டிப் படமே வராது!"

"வருதோ பாப்பம்."

சில கம்பியூட்டர்களில் மூளையோடு சேர்ந்தே படம் காட்டுகிற பகுதியும் சின்னதாக இருக்கும். சிலவற்றில் இருக்காது. தாங்கள் வாங்கியது எதென்று இருவருக்கும் தெரியவில்லை. மதர்போர்ட்டின் பின்பக்கம் ரி.வி. வயர் பூட்டுகிற துளை இருந்தது, வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாததால் அதன் பிளாஸ்டிக் மூடிகூடக் கழற்றப்படவில்லை. துளை இருப்பதால் மட்டும் படம் வராது. மூடியைக் கழற்றி வயரைக் குத்தி, போர்வையில்லாமல் காற்றுப் படும்படி மேசையைத் திருப்பி வைத்து, பட்டனை அழுத்தினேன்.

திரை கறுப்பு. கறுப்பாகவே இருந்தது. பின்னால் "அருள் நிறைந்த மரியே" போய்க்கொண்டிருந்தது. என் வாய் தானாகச் சேர்ந்துகொண்டது. அன்ரனின் வாயும். சகாயம் மட்டும் கடன் வாங்கிய பவர் சப்ளையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

பிறகு திரையில் ஒரு வெளிச்சம்.

நேரலை தொடங்கியதும் படம் முன்னைப்போல மினுமினுப்பாக இல்லை. ஒரே கமரா, கொஞ்சம் மங்கல். ஆனால் நின்றது. ஜெபம் முடிய ஜெயசீலனின் முகம் பந்தலில் வந்தது. கையில் ஒரு தாள் வைத்திருந்தான். இரண்டு வரி வாசித்தான், உறவினருக்கு நன்றி, ஊருக்கு நன்றி என்று. அதோடு தாளைக் கீழே வைத்துவிட்டான். தன் பக்கத்துத் திரையில் தாயின் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"மாமா," என்றான், "அம்மாவின்ர கண்ணாடி எங்கை?"

யாருக்கும் விளங்கவில்லை.

"கண்ணாடியைப் போட்டுவிடுங்கோ மாமா. கண்ணாடி இல்லாமல் அவவுக்கு ஒண்டும் தெரியாது. ஊசிக்கு நூல்கூடக் கோக்கமாட்டா."

என்னை அதட்டிய அந்த உயரமான மனிதர் உள்ளே ஓடினார். அலுமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடியோடு வந்தார். தன் வேட்டித் தலைப்பால் துடைத்து, அக்காவின் முகத்தில் போட்டுவிட்டார். ஒரு பக்கம் சரிந்தது, மறுபடி சரிசெய்தார். அப்போதுதான் அது எனக்குப் பக்கத்துக் கடைத் திரேசம்மா அக்காவாக மாறியது. அதுவரை யாரோ மாதிரிப் படுத்திருந்தார். நான் கம்பியூட்டருக்குப் பக்கத்தில் நின்றே அழுதேன்.

"ஓம், இப்ப சரி," என்றான் மகன். "போயிட்டு வாங்கோ அம்மா."

அவன் சொல்லி முடிக்கும் வரை அந்தக் கம்பியூட்டர் விழவில்லை. கோயிலுக்கும் அதைத் தூக்கப் பார்த்தார்கள். நான் விடவில்லை. ஒருமுறை தாங்கியதைத் திரும்பவும் சோதிக்கத் தேவையில்லை. கோயில் பூசையும் சேமக்காலையில் அடக்கம் செய்ததும் றீற்றாவின் போனிலேயே போனது. அவள் கை ஆடாமல் பிடித்தாள்.

அடுத்த கிழமை மச்சான்மாரும் றீற்றாவும் கடைக்கு வந்தார்கள். இந்த முறை எல்லாச் சாமானோடும். என்னிடமிருந்த, நன்றாக ஓடுமென்று எனக்குத் தெரிந்த பவர் சப்ளையை அதனுடைய சொந்த வயர்களோடு பூட்டினேன். கிராபிக்ஸ் கார்ட்டைத் திரும்ப வைத்து, இரண்டு கமராவையும் கொடுத்து, கலர் லைட்டையும் போட்டேன். ஓடியது. அதே சுமையோடு பழைய பவர் சப்ளையைப் பூட்டினேன். கொஞ்ச நேரத்தில் விழுந்தது. திரும்ப நல்லதைப் பூட்டினேன், நின்றது. மாற்றி, திரும்ப மாற்றிப் பார்த்தால்தான் தீர்ப்பு. ஒருமுறை மாற்றிச் சரிவந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். வயரைக் கழற்றிப் பூட்டியதில் தளர்ந்திருந்த ஏதாவது இறுகியிருக்கலாம்.

அன்ரன் பழையதைத் திறந்து உள்ளே பார்க்க ஆசைப்பட்டான். கையைத் தட்டிவிட்டேன். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும். உங்களுக்கும் அதே அடிதான். அதன் வயர்களையெல்லாம் நானே வெட்டி எறிந்தேன், இன்னொருவர் எடுத்து இன்னொரு செத்த வீட்டில் பூட்டாமல் இருக்க.

சகாயம் பழையதை எடுத்து லேபிளைத் திருப்பிப் பார்த்தார். "லேபிளிலை அப்பிடித்தானே அக்கா போட்டிருந்தது," என்றார்.

"லேபிள் பொய் சொன்னதுக்கு நீர் என்ன செய்வீர் தம்பி? அதுக்குமேல உப்பும் மணலும். விடும்."

அன்ரன் விடுவானா? "நான் அண்டைக்கே சொன்னனான் மச்சான். வெறுங்காத்து எண்டு சொன்னனானோ இல்லையோ?" என்று கடை முழுக்க நடந்தான். அந்த உற்சாகத்தில் என்னிடம், "அக்கா, கமரா எல்லாம் என்ன சுமை? இதுக்கு உண்மையான சுமை குடுத்துப் பாப்பம்," என்று தானே குந்தி, தானே கேமைத் திறந்துவிட்டான். நான் கண்ணைக் காட்டினேன். அவன் பார்க்கவில்லை.

திரை நிறைய அவன் படம். பெயர். தலைக்கு மேல் தங்கக் கிரீடம். வடமாகாணத்திலேயே இவரைப்போல வெடி வைக்க ஆளில்லை என்கிற மாதிரி ஏதோ பதவி.

றீற்றா கிட்ட வந்தாள். "இந்தக் கிரீடம் ஆருக்கு?"

"அது... கம்பியூட்டர் தன்ர பாட்டுக்கு எல்லாருக்கும் வைக்கிறது."

"அண்ணாவுக்கும் வைச்சதோ?"

"எனக்கு ஒண்டும் வைக்கேல்லை," என்றார் சகாயம். அந்தக் காலையில் முதல்முறையாக அவர் முகம் மலர்ந்தது. பவர் சப்ளைத் துக்கம் அந்த இடத்தில் தீர்ந்துவிட்டது.

"வேலை கூடிப்போச்சு, எடிட்டிங் எண்டு கதவைச் சாத்தினது இதுக்குத்தான்," என்றாள் றீற்றா. பிறகு ஒரு கதிரையை இழுத்து அவன் பின்னால் போட்டு உட்கார்ந்தாள். "சரி, விளையாடுங்கோ. நானும் பாக்கிறன்."

அவன் விளையாடினான். பெரிய சண்டை வருகிற இடம் வந்தது. நானும் பவர் சப்ளையின் காத்தாடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல குளிர்ந்த காற்று. கடை பூட்டுகிற நேரம் வரை ஓடவிட்டோம். கம்பியூட்டர் ஒரு தடவைகூட விழவில்லை. கேமுக்குள் அன்ரன்தான் விழுந்துகொண்டேயிருந்தான்.